வந்த செய்தி மெய்தானா?
கைத்தொலைபேசியும் நம் பிள்ளைகளும்



முன்னாளில் நமது தோட்டங்களுக்குச் செய்தி வந்து சேரும் வழிகள் மிகச் சிலவாகவே இருந்தன. விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் சொல்வது ஒன்று. பட்டணத்துக்குப் போய் வந்த கடைக்காரர் சொல்வது ஒன்று. மாலையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்பது ஒன்று. அந்தச் செய்திகளிலும் பொய் இல்லாமற் போகவில்லை. 'புதுப் பாலம் கட்டுகிறார்களாம், அதற்குப் பிள்ளையின் தலையைப் பலி கேட்கிறார்களாம், இருட்டிய பிறகு வெளியே போகாதே' என்று நம் பாட்டிமார்கள் பயமுறுத்தியதை நாற்பது வயதைக் கடந்தவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அக்காலத்துச் செய்திக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அதனோடு கூடவே ஒரு பெயரும் வரும். 'இன்னார் சொன்னார்' என்று தெரிந்தால், அவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். 'அவரா? ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்கிறவர் ஆயிற்றே' என்று யாராவது சொன்னால், குழாயடியிலேயே அந்தச் செய்தியின் பாதி உயிர் போய்விடும்.

இன்று நிலைமை வேறு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக வரலாயின. அதுவரை தகப்பனாரின் சட்டைப் பையில் இருந்த தொலைபேசி பிள்ளையின் கைக்குப் போயிற்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே தொலைபேசி என்ற வீடுகளும் உண்டு. பின்னர் பள்ளிகள் திறந்தன. ஆனால் பிள்ளையின் கைக்குப் போன பொருள் திரும்பி வரவில்லை. அதைக் கொடுக்கச் சொன்னவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களும்தான். ஆகவே அதை எப்படிக் கையாள்வது என்று சொல்லித் தரும் பொறுப்பும் எங்களைச் சேர்ந்ததே. அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கவே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

முதலில் உண்மையாக நடந்த ஒரு துயரச் சம்பவத்தைச் சொல்கிறோம். 2018-ஆம் ஆண்டு மே மாதம். சென்னையைச் சேர்ந்த ஒரு முதிய அம்மையார், தம் உறவினர்களுடன் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில் இருந்த குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் சென்றார். உடன் சென்றவர்களில் சிலர் நம் மலேசியாவிலிருந்து போனவர்கள். வழியில் கண்ட பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். நாமும் ஊருக்குப் போனால் அதைத்தானே செய்வோம்? ஆனால் அந்த வட்டாரத்தில் அதற்குச் சில நாட்களாகவே ஒரு செய்தி தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. 'வெளியூரிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள்' என்பதே அச்செய்தி. மிட்டாய் கொடுத்த வெளியூர்க்காரர்களைக் கண்டவுடன் சந்தேகம் எழுந்தது. கூட்டம் கூடிற்று. அந்த அம்மையாரை அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் சென்ற உறவினர்கள் படுகாயம் அடைந்தார்கள். பிள்ளை பிடிக்கும் கூட்டம் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை.

அடித்தவர்கள் எல்லாரும் கொலைகாரர்களாகப் பிறந்தவர்களா? இல்லை. தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக எண்ணிய சாதாரண மனிதர்கள். அந்தச் செய்தியை முதலில் பகிர்ந்த தாய்மார்களும் கெட்ட எண்ணத்தோடு பகிரவில்லை. 'எதற்கும் ஒரு முறை எல்லாருக்கும் சொல்லி வைப்போம்' என்றுதான் பகிர்ந்திருப்பார்கள். பொய்ச் செய்தி நல்லவர்களின் கையால்தான் பரவுகிறது என்பதை நாம் முதலில் உணர வேண்டும்.

அதே ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு படக்காட்சியும் பரவிற்று. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் அது பாகிஸ்தானில் கராச்சி நகரில், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக நடித்து எடுக்கப்பட்ட படம். அதன் முடிவில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். படம் என்னவோ படம்தான். பொய் அதன் வாலை வெட்டிய இடத்தில் இருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எங்கள் வகுப்பில் 'காதோடு காது' என்றொரு விளையாட்டு வைப்போம். முதல் மாணவன் காதில் ஒரு வாக்கியம் சொல்வோம். அது இருபது காதுகளைக் கடந்து கடைசி மாணவனிடம் வரும்போது அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். வாய்ச் செய்தி இப்படி மாறி மாறி வருவதால் அது வதந்தி என்று எளிதில் தெரிந்துவிடும். தொலைபேசிச் செய்தியோ ஆயிரம் பேரைக் கடந்தாலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அச்சடித்தது போல் வருகிறது. மாறாமல் வருவதால் நாம் அதை உண்மை என்று நம்பிவிடுகிறோம். சொன்னவர் பெயரை மட்டும் அது வழியிலேயே உதறிவிடுகிறது. அனுப்பியவர் நம் சொந்த அத்தையாக இருப்பதால், அத்தை சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறோம். அத்தைக்கு யார் சொன்னது என்பது அத்தைக்கே தெரியாது.

சரி, இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது? தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே எங்கள் மாணவர்களிடம் நாங்கள் இப்படிக் கேட்போம்: 'செம்பனைக் காட்டில் நடக்கும்போது வழியில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடக்கிறது. என்ன செய்வாய்?' உடனே 'நிற்பேன் ஐயா' என்பார்கள். மிதிக்கவும் மாட்டார்கள், கையில் எடுக்கவும் மாட்டார்கள். நின்று, அது கயிறா பாம்பா என்று பார்ப்பார்கள். தொலைபேசியில் வருவதற்கும் அதே வழிதான். முதலில் நிற்க வேண்டும். பிறகு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி, யார் சொன்னது? அனுப்பியவர் யார் என்பதல்ல, முதன்முதலில் சொன்னவர் யார் என்பதே கேள்வி. 'ஒரு டாக்டர் சொன்னார்', 'போலீஸார் அறிவித்திருக்கிறார்கள்' என்றால் போதாது. எந்த டாக்டர், எந்த மருத்துவமனை, எந்தக் காவல் நிலையம்? ஊரும் பேரும் இல்லாத டாக்டர் மருந்து கொடுத்தால் நாம் சாப்பிடுவோமா? வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் கைமாற்றிய செய்தியின் மேல் ஓர் அம்புக் குறி இருக்கும். இரண்டு அம்புகள் சேர்ந்திருந்தால், அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். 2019-ஆம் ஆண்டு முதல் இந்தக் குறி இருக்கிறது. இரட்டை அம்பைக் கண்டால் இரட்டிப்புச் சந்தேகம் கொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி, எப்போது? 'நேற்று நடந்தது' என்று எழுதியிருக்கும். மூன்று ஆண்டுக்கு முன் எழுதியவருக்கும் அது நேற்றுதான். இன்று படிக்கிற நமக்கும் அது நேற்றுதான். நாளும் தேதியும் இல்லாத 'நேற்று' என்றைக்கும் கிழடாவதில்லை.

மூன்றாம் கேள்வி, எங்கே? படத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை, 'நம் பக்கத்துப் பட்டணத்தில் வெள்ளை வேனில் வந்து பிள்ளைகளைக் கடத்துகிறார்கள்' என்ற செய்தியோடு ஒரு படம் எங்கள் பெற்றோர் குழுவில் வந்தது. அதை வகுப்பில் காட்டினோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கி, 'ஐயா, அந்த வேனின் நம்பர் பலகை மஞ்சளாக இருக்கிறதே' என்றாள். நம் நாட்டு வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. இந்தியாவிலே வாடகை வாகனங்களுக்கு மஞ்சள் பலகை. கடைப் பெயர்ப் பலகையின் மொழி, போலீஸாரின் உடுப்பு, பள்ளிப் பிள்ளைகளின் சீருடை, இவையெல்லாம் 'நான் எந்த ஊர்' என்று சொல்லும் சாட்சிகள். அந்த மாணவிக்கு அன்று வகுப்பே கை தட்டிற்று. ஆனால் அதற்குள் அந்தச் செய்தியை அனுப்பிய பெற்றோர்கள் பலர். சில வீடுகளில் அடுத்த நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

நான்காம் கேள்வி, எதற்கு? இதை நான் நம்பினால் யாருக்கு என்ன கிடைக்கும்? பொருள் விற்கிறவருக்கா? காசு கேட்கிறவருக்கா? ஓர் இனத்தார் மேலோ சமயத்தார் மேலோ நமக்குக் கோபம் உண்டாக்க நினைக்கிறவருக்கா? பல இனத்தார் ஒரே சாலையில் நடந்து, ஒரே கடையில் சாமான் வாங்கும் நம் நாட்டில், இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்டுப் பழக வேண்டும்.

இந்த நான்கு கேள்விக்கும் விடை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். அனுப்பாமல் இருந்தாலே பெரிய உதவி. வானொலிச் செய்தியிலும் நாளிதழிலும் அது வருகிறதா என்று பார்க்கலாம். பிள்ளை கடத்தல் போன்ற பெரிய செய்தி உண்மையானால் அவற்றில் வராமல் போகாது. நம் நாட்டில் தொடர்பு பல்லூடக ஆணையம், பொய்ச் செய்திகளுக்கு விளக்கம் கூறுவதற்காகவே 2017-ஆம் ஆண்டில் 'செபெனார்ன்யா' என்ற இணையப் பக்கத்தைத் தொடங்கியது. 2025-இல், தமிழிலும் கேள்வி கேட்டுப் பதில் பெறக்கூடிய 'ஐஃபா' என்ற வசதியையும் ஏற்படுத்தியது. உங்கள் பிள்ளையிடம் சொல்லித் தேடிக் காட்டச் சொல்லுங்கள். தேடத் தேடத்தான் பழக்கம் வரும்.

இதுவரை பொய்ச் செய்தியைப் பற்றிப் பேசினோம். இனி மோசடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன. அந்த வாசலுக்கு நான்கு கதவுகள்: பயம், ஆசை, அவசரம், இரகசியம். 'உன் கணக்கை முடக்கப் போகிறோம்' என்பது பயம். 'உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்பது ஆசை. 'பத்து நிமிடத்துக்குள் பதில் வேண்டும்' என்பது அவசரம். 'வீட்டில் யாரிடமும் சொல்லாதே' என்பது இரகசியம். இந்த நான்கில் கடைசிதான் மிகக் கொடியது. ஏன் என்பதை எங்களுக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டு விளக்குகிறோம்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன ஒரு மாணவன். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆகவே வங்கிக் கணக்கைத் தொலைபேசியில் திறந்து, 'அம்மா, சம்பளம் வந்துவிட்டது' என்று சொல்கிறவன் மகன்தான். கடவுச்சொல்லும் அவனுக்குத்தான் தெரியும். அவன் ஆடிய தொலைபேசி விளையாட்டில், காசு கொடுத்து 'வைரம்' வாங்கினால் நல்ல ஆயுதங்கள் கிடைக்குமாம். முகந்தெரியாத ஒருவன் அங்கே நட்பாகப் பழகி, 'உனக்கு வைரம் சும்மா தருகிறேன்' என்றான். ஆசைக் கதவு திறந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து வங்கியின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதச் சொன்னான். பிறகு, 'இப்போது ஆறு இலக்க எண் ஒன்று வரும், சீக்கிரம் சொல், நேரம் முடியப் போகிறது' என்றான். அவசரக் கதவும் திறந்தது. பிள்ளை சொல்லிவிட்டான். தாயாரின் கணக்கிலிருந்த 1,150 வெள்ளியும் போயிற்று. 2025-ஆம் ஆண்டில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதோடு ஒப்பிட்டால் அந்தத் தொகையின் பாரம் உங்களுக்கு விளங்கும்.

இதில் எங்களை மிகவும் வருத்தியது என்ன தெரியுமா? பணம் போனது அந்தப் பிள்ளைக்கு ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் இரண்டு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சனிக்கிழமை தாயார் பட்டணத்துக்குப் போய் இயந்திரத்தில் பணம் எடுக்க முயன்றபோதுதான் விஷயம் வெளிவந்தது. 'ஏன் அப்பா உடனே சொல்லவில்லை?' என்று கேட்டோம். 'அப்பா அடிப்பார் என்று பயந்தேன் சார். தொலைபேசியில் விளையாடுகிறவன் உருப்பட மாட்டான் என்று நீங்களும் சொல்வீர்களே' என்றான். அந்தப் பதிலுக்கு எங்களிடம் மறுபதில் இல்லை. மோசடிக்காரன் சொல்லாமலேயே, இரகசியக் கதவை நாங்கள் திறந்து வைத்திருந்தோம்.

அந்த ஆறு இலக்க எண் என்பது என்ன? நாம் 'டேக் நம்பர்' என்கிறோமே, அதுதான். கடவுச்சொல் வீட்டுச் சாவி என்றால், அந்த எண் உள்ளே போட்டிருக்கும் தாழ்ப்பாள். திருடன் சாவியைத் திருடி வந்தாலும் தாழ்ப்பாளை உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். ஆகவேதான் ஏமாற்றி நம்மையே திறக்க வைக்கிறான். வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்று யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. உண்மையான வங்கியும் போலீஸும் அதைக் கேட்பதே இல்லை.

திருடன் வேறொரு தந்திரமும் செய்கிறான். கல்யாண அழைப்பிதழ் என்றோ, வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை என்றோ சொல்லி ஒரு செயலியை அனுப்புவான். அதை அழுத்தி உள்ளே விட்டுவிட்டால், நம் தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையெல்லாம் அது ஒளிந்திருந்து படித்து அவனுக்கு அனுப்பிவிடும். அப்புறம் டேக் எண்ணை நாம் சொல்லவே வேண்டாம். ஆகவே, செயலியைத் தொலைபேசியில் உள்ள முறையான கடையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வந்த எதையும் அழுத்திப் பதிக்கக் கூடாது.

அரசாங்க உதவித் தொகைக்கு விண்ணப்பம் என்று சொல்லியும் போலிப் பக்கங்கள் வருகின்றன. பக்கத்தின் முகவரியைப் படிக்கப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்ந்த கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்ந்த கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் கடைசியைப் பார்க்க வேண்டும். அரசாங்கப் பக்கமானால் அது 'ஜி-ஓ-வி, புள்ளி, எம்-வை' என்று முடியும். போலிக்காரன் அதே எழுத்துகளை நடுவில் செருகி, கடைசியில் வேறு எதையாவது வைத்திருப்பான். நம் பிள்ளைகளை ஒருவர் முகத்தைப் பார்த்து அடையாளம் காணச் சொல்கிறோம். இங்கே வாலைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

குரலையும் முகத்தையும்கூட இப்போது நம்புவதற்கில்லை. 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தலைவர்களும் புகழ்பெற்ற பாடகர்களும் முதலீடு செய்யச் சொல்வது போன்ற படங்கள் பரவின. அவர்கள் அப்படிப் பேசவே இல்லை. கணினி அவர்கள் முகத்தையும் குரலையும் போலச் செய்திருந்தது. நாளைக்கு உங்கள் மகன் குரலிலேயே, 'அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், பணம் அனுப்பு' என்று ஓர் அழைப்பு வரலாம். பதறாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, மகனுடைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வீட்டார் மட்டும் அறிந்த ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்வதும் நல்லது. பழைய வீட்டில் வளர்த்த ஆட்டின் பெயராக இருந்தாலும் போதும்.

அடுத்து, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம். இணையத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை போல் பேசுகிறவர் நாற்பது வயதுக்காரராக இருக்கலாம். முதலில் பாராட்டுவார், ஆறுதல் சொல்வார், வீட்டில் யாரும் உன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்பார். பிறகு படம் கேட்பார். அனுப்பக் கூடாத ஒரு படம் அவர் கைக்குப் போய்விட்டால், 'எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன்' என்று மிரட்டத் தொடங்குவார். பிள்ளை அவமானத்தால் ஊமையாகிவிடும். அந்த ஊமைத்தனத்தைத்தான் அவர் நம்பியிருக்கிறார். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டில் பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் தகாத நோக்கத்தோடு இப்படிப் பேசிப் பழகுவதே அச்சட்டப்படி குற்றம். நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே குற்றவாளி மிரட்டுகிறவரே, நம் பிள்ளை அல்ல. பணம் கொடுக்கக் கூடாது. கோபத்தில் செய்திகளை அழித்துவிடவும் கூடாது. அவையே சாட்சி. அவற்றைப் படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு போலீஸில் புகார் செய்ய வேண்டும். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைத்து உதவி கேட்கலாம்.

பள்ளிப் படிப்பை முடித்த அண்ணன், அக்காமார்களுக்கும் வலை விரித்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டில், வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் பலர் கம்போடியா, மியன்மார் போன்ற இடங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். கடப்பிதழைப் பறித்துக்கொண்டு, பிறரை ஏமாற்றும் வேலையை அவர்களைச் செய்ய வைத்தார்கள். படிப்பும் அனுபவமும் கேட்காமல் பெரிய சம்பளம் தருகிறேன் என்கிற வேலைக்கு, நம்மிடமிருந்து வேறு எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பொருள். அதேபோல், 'உன் வங்கி அட்டையைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று கேட்பார்கள். ஏமாற்றிய பணத்தைக் கைமாற்ற அந்தக் கணக்கு பயன்படும். கணக்குக்காரர் பெயர்தான் போலீஸ் பட்டியலில் ஏறும். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 'கூட்டாளி கேட்டான், கொடுத்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்ப வேண்டி வந்தால், அவருடைய கணக்கு எண்ணைப் போலீஸாரின் 'செமாக் மியூல்' பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

'எங்களுக்கு எழுதப் படிக்கவே அவ்வளவாகத் தெரியாதே, பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது?' என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். அம்மா, தொலைபேசியைப் பற்றி உங்கள் பிள்ளைக்கு உங்களைவிட அதிகம் தெரியும். ஆனால் மனிதர்களைப் பற்றி உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். வாசலில் வந்து தேனாகப் பேசுகிறவன் எதற்கு வந்திருக்கிறான் என்று உங்களுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்த அறிவுதான் இங்கே வேண்டும். 'இன்றைக்குத் தொலைபேசியில் என்ன வந்தது? எனக்கும் காட்டு' என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள். 'இவன் யார்? இவனை நீ நேரில் பார்த்திருக்கிறாயா?' என்று கேளுங்கள். இரவில் தொலைபேசி பிள்ளையின் படுக்கையில் வேண்டாம், சாமி மேடைக்குப் பக்கத்திலோ அடுப்பங்கரையிலோ இருக்கட்டும். நீங்களும் வந்ததை வந்தபடி அனுப்புவதை நிறுத்துங்கள். நாம் செய்வதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குறுதியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். 'என்ன தவறு நடந்தாலும் முதலில் என்னிடம் வந்து சொல். சொன்னதற்காக உன்னை அடிக்க மாட்டேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மோசடி செய்த பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிமிடக் கணக்கில் ஓடும். உடனே தெரிந்தால் வங்கியால் வழிமறிக்க முடியும். அதற்காகவே 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் 997 என்ற எண்ணோடு தேசிய மோசடி மறுமொழி மையம் தொடங்கப்பட்டது. பணம் போனது தெரிந்தவுடன் உங்கள் வங்கிக்கும் 997-க்கும் அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டி வைத்தாலும் தகும்.

நாங்கள் முன்னே சொன்ன அந்த மாணவனின் பணம் திரும்பி வரவில்லை. இரண்டு நாட்கள் கடந்துவிட்டன அல்லவா? தகப்பனார் அவனை அடிக்கவில்லை. 'போனது போகட்டும், நீ இருக்கிறாயே' என்று மட்டும் சொன்னாராம். அந்த மாதம் கடைக்காரர் கடன் கொடுத்தார். பிறகு நாங்கள் அவனை எங்கள் பள்ளிக்கு அழைத்து, ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பேசச் சொன்னோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னான். நாங்கள் ஓராண்டு நடத்திய பாடத்தைவிட அந்தப் பத்து நிமிடம் அவர்கள் மனத்தில் நன்றாகப் பதிந்தது. அடுத்த வாரமே ஒரு மாணவி, 'சார், என்னிடமும் ஒருவன் படம் கேட்கிறான்' என்று வந்து சொன்னாள். சொன்னதால் தப்பினாள்.

ஆகவே அன்புப் பெற்றோர்களே, பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்குவதால் மட்டும் அவனைக் காப்பாற்றிவிட முடியாது. நின்று, யார், எப்போது, எங்கே, எதற்கு என்று கேட்கப் பழக்குங்கள். பயந்தாலும் தவறு செய்தாலும் ஓடி வந்து சொல்வதற்கு ஒரு மடியைத் திறந்து வையுங்கள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் முன்னோர்கள் சொன்னது, அவசரப்படுத்துகிறவன் நிறைந்த இந்தக் காலத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.